ஆல்பம் உறை வடிவமைப்பு: மடிப்பிலிருந்து தொடங்குங்கள்

சொந்தமாகப் பாட்டு வெளியிடும் பெரும்பாலான இண்டி இசைக்குழுக்களில் உறை வேலை கடைசியில்தான் வரும். பாட்டெல்லாம் மிக்ஸ் முடிந்து, விநியோகத் தளத்தில் ஏற்றப் போகும்போது, சதுரமாக ஒரு படம் கேட்கிறார்களே என்று யாருக்காவது நினைவு வரும். கொஞ்சம் வரையத் தெரிந்த நண்பர் ராத்திரியில் உட்கார்ந்து ஒன்றைச் செய்து தருவார். அது நன்றாகவும் இருக்கும். சில மாதம் கழித்து, "நிகழ்ச்சியில் விற்க சிடி போட்டால் என்ன?" என்ற பேச்சு எழும். அப்புறம் அந்தச் சதுரத்தையே இழுத்துப் பின்னட்டைக்கும் முதுகுக்கும் ஒட்டுப்போடுவார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரியும்.

இங்கே சொல்லப்போவது அதற்கு நேர்மாறான வரிசை. முதலில் கையில் பிடிக்கும் பொருளை முடிவு செய்யுங்கள். திரைக்கான சதுரத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரில் இன்று சிடி வாங்கும் பலர் வீட்டில் சிடி போடும் கருவியே இல்லை. பாட்டை அவர்கள் கைபேசியில் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது. நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும்போது கையோடு எடுத்துப்போக, குழுவினரிடம் கையெழுத்து வாங்க ஏதோ ஒன்று வேண்டும். அவர்கள் காசு கொடுப்பது உறைக்குத்தான். ஆகவே உறையைப் பாட்டின் பொட்டலமாக நினைக்காமல், விற்கும் சரக்காகவே நினைத்து வேலை செய்யுங்கள்.

1. எந்த வடிவம்?

சிடிக்கு மூன்று வகை உறை உண்டு. பிளாஸ்டிக் ஜுவல் கேஸ், அட்டையில் மடித்த டிஜிபேக், வெறும் அட்டை உறையான வாலட். முதல் இபி, நான்கைந்து பாட்டு என்றால் வாலட் போதும். செலவு குறைவு, எடை குறைவு, பையில் போட்டால் உடையாது. ஜுவல் கேஸில் சின்னப் புத்தகம் வைக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் மூடியின் கீல் உடையாத பெட்டியை நான் அதிகம் பார்த்ததில்லை.

கேசட் திரும்ப வந்திருக்கிறது. சின்னது, அழகானது, தேக்காவில் கேசட் கடைகளைப் பார்த்து வளர்ந்த அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் உடனே பிடித்துவிடும். அதன் உறையை ஜே கார்டு என்பார்கள். முன்பக்கம், முதுகு, பின்னால் ஒரு சிறு மடிப்பு. முன்பக்கம் நெட்டு வாக்கில் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். சதுரமாக யோசித்த படம் அங்கே உட்காராது.

வினைல் எல்லோருக்கும் ஆசைதான். 12 அங்குலத் தட்டு ஒன்றே 140 முதல் 180 கிராம் வரும். உறையோடு சேர்த்து நூறு தட்டு என்றால் இருபது கிலோவைத் தாண்டும். தொழிற்சாலைகள் நூறு, இருநூறு, முந்நூறு என்று குறைந்தபட்ச எண்ணிக்கை வைத்திருக்கும். வீவக அடுக்குமாடி வீட்டில் அந்தப் பெட்டிகளை எங்கே அடுக்கப் போகிறீர்கள் என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

நான்காவது வழியை யாரும் அதிகம் யோசிப்பதில்லை. தட்டே இல்லாமல் ஒரு சிறு புத்தகம். பாடல் வரிகள், படங்கள், கடைசிப் பக்கத்தில் பாட்டுக்கான கியூஆர் குறி. தமிழ்க் குழுவுக்கு இது நல்ல வடிவம். நம் ரசிகர்கள் வரிகளைப் படிப்பவர்கள்.

2. வெள்ளைத் தாளை மடியுங்கள்

வடிவம் முடிவானதும் அதைத் தயாரிக்கப் போகும் நிறுவனத்திடம் அவர்களுடைய அளவுப்படத்தைக் கேட்டு வாங்குங்கள். டை லைன் என்று கேட்டால் அனுப்புவார்கள். இணையத்தில் கிடைக்கும் பொதுவான டெம்ப்ளேட்டை எடுத்து வேலையைத் தொடங்காதீர்கள். டிஜிபேக்கின் அளவு ஆலைக்கு ஆலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறும். அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் முதுகு எழுத்து முன்னட்டைக்கு வழிந்துவிடும்.

ஜுவல் கேஸ் ஓரளவு எங்கும் ஒன்றுதான். முன் அட்டை 120 × 120 மி.மீ. பின்னால் செருகும் தாள் 151 × 118 மி.மீ. அதில் இரண்டு ஓரமும் 6.5 மி.மீ. மடிந்து முதுகாக நிற்கும். வெட்டுக் கோட்டுக்கு வெளியே நான்கு பக்கமும் 3 மி.மீ. படம் நீள வேண்டும். இதுதான் ப்ளீட். வெட்டும் கத்தி கொஞ்சம் நகர்ந்தாலும் வெள்ளைக் கோடு தெரியாமலிருக்க அது. உள்பக்கமாகவும் 3 மி.மீ.க்குள் எழுத்து எதுவும் வரக் கூடாது. 12 அங்குல வினைல் உறை ஏறத்தாழ 315 மி.மீ. சதுரம், தட்டின் நடுவில் ஒட்டும் லேபிள் 100 மி.மீ. விட்டம்.

இப்போது கணினியை மூடிவிட்டு, அளவுப்படத்தை வெள்ளைத் தாளில் அச்செடுத்து வெட்டி மடியுங்கள். ஸ்கேலை வைத்து மடிப்புக் கோட்டை முதலில் அழுத்திவிட்டால் மடிப்பு நேராக வரும். கொஞ்சம் தடித்த அட்டை வேண்டுமென்றால் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் உள்ள ஓவியப் பொருள் கடையில் தாள் தாளாக வாங்கலாம். மடித்த வெற்று உறையைக் கையில் வைத்துத் திறந்து மூடுங்கள். எந்தப் பக்கம் முதலில் திறக்கிறது? கட்டைவிரல் எங்கே படுகிறது? தட்டை எடுத்ததும் அதன் அடியில் தெரியும் பக்கம் எது? அந்தப் பக்கத்தைப் பலர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். வாங்கியவர் அங்கே ஒரு வரியையோ ஒரு சிறு படத்தையோ கண்டால் அதை மற்றவர்களிடம் காட்டுவார். பென்சிலால் ஒவ்வொரு பக்கத்திலும் என்ன வரப்போகிறது என்று எழுதுங்கள். கறுப்பும் வெள்ளையுமான இந்த மாதிரியைக் குழுவில் எல்லோரும் பார்த்துச் சரி சொல்லும்வரை நிறத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

3. பாட்டிலிருந்து படம்

முழு ஆல்பத்தையும் வரிசையாக ஒருமுறை கேளுங்கள். எம்ஆர்டியில் போகும்போது ஒன்று, பஸ்ஸில் ஒன்று என்று கேட்டால் வராது. கேட்டு முடித்ததும் குழுவில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்: இந்த ஆல்பம் எந்த நேரத்தில் நடக்கிறது, எந்த இடத்தில், வெளிச்சம் எப்படி இருக்கிறது? "எங்களுக்கு எந்த ஸ்டைல் வேண்டும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். நான்கு பேர் நான்கு வெளிநாட்டு ஆல்பங்களின் உறையைக் காட்டுவார்கள், நீங்கள் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

சிங்கப்பூர்த் தமிழ்க் குழு என்றதும் கோலம், கோபுரம், வீணை, தீபாவளிக்கு சிராங்கூன் சாலையில் கட்டும் விளக்கு வளைவு என்று கை தானாகப் போகும். இவை தவறில்லை, ஆனால் பாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். 1992-இல் தொடங்கிய ருத்ரா, வேதாந்தக் கருத்துகளை மெட்டல் இசைக்குக் கொண்டுவந்த சிங்கப்பூர்க் குழு. அப்படிப்பட்ட இசைக்குக் கோயில் சிற்பம் வெளியிலிருந்து ஒட்டியதாகத் தெரியாது. உங்கள் பாட்டு இரவு வேலை முடிந்து கடைசி ரயிலைத் தவறவிட்டவனைப் பற்றியது என்றால், அட்டையில் கோலம் போடுவது பெயர்ப்பலகை மாட்டுவது மாதிரி ஆகிவிடும். வெற்று பஸ் நிறுத்தமோ, சாப்பாட்டுக் கடையில் கவிழ்த்துவைத்த நாற்காலிகளோ அதைவிட நன்றாகப் பேசும்.

பழைய எழுத்து, பழைய விளம்பரம் பார்க்க ஆசை இருந்தால் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி தளத்தில் தமிழ் முரசின் பழைய இதழ்கள் இருக்கின்றன. 1935-இல் தொடங்கிய நாளிதழ் அது. சினிமா விளம்பரம், கலைநிகழ்ச்சி அறிவிப்பு, கடைப் பெயர் என்று கையால் எழுதிய எழுத்துகளைத் தேடிப் பார்த்தால் நேரம் போவதே தெரியாது. பார்த்துக் கற்றுக்கொள்ளத்தான், வெட்டி ஒட்டுவதற்கு அல்ல.

4. தமிழ் எழுத்து

இந்த ஊரில் உறை வடிவமைப்பவருக்குத் தமிழ் தெரியாமலிருக்கலாம். அச்சகத்தாருக்கும் தெரியாமலிருக்கலாம். ஆகவே எழுத்து உடைந்தால் யார் கண்ணிலும் படாமல் அச்சாகி வந்துவிடும். முதல் பிரதியைப் பார்க்கும் தமிழ் வாசகர்தான் சொல்வார், அதுவும் சிரித்துக்கொண்டே.

முதலில் மென்பொருள். தமிழில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, சங்கிலிக்கொம்பு மூன்றும் தட்டச்சில் மெய்க்குப் பின்னால் வந்தாலும் பார்வைக்கு அந்த மெய்க்கு முன்னால் தெரிய வேண்டும். அந்த இடமாற்றத்தை மென்பொருள்தான் செய்கிறது. பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் இதற்கு இணையான அமைப்பு எங்கே இருக்கிறது என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறும். காசு செலவில்லாத இங்க்ஸ்கேப்பில் தமிழ் பிரச்சினையில்லாமல் வரும். அமைப்பு சரியில்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் தொங்கும், அல்லது புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் முளைக்கும். எந்தக் கோப்பைத் தொடங்கினாலும் முதலில் இந்த வரியை ஒட்டிப் பாருங்கள்:

கொண்டு போன தையல்காரி ஸ்ரீதேவி நூலைச் சீவினாள்.

அர்த்தம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் கொம்பு, கால், சுழி, ஊகாரம், ஸ்ரீ எல்லாம் அதில் இருக்கின்றன. இது சரியாக வந்தால் மற்றதும் வரும்.

பாடலாசிரியர் வரிகளை எப்படி அனுப்புகிறார் என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்தால் எந்தக் கணினியிலும் படிக்கும் பொதுக் குறிமுறையான யூனிகோட்தான். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய வேர்ட் கோப்பு வந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட வேண்டும். மாற்றியில் ஸ்ரீயும் க்ஷவும் அடிக்கடி சிதறும்.

எழுத்துருவுக்குக் காசு இல்லையே என்ற கவலை வேண்டாம். கூகுள் ஃபான்ட்ஸில் உள்ள தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலும் திறந்த உரிமத்தில் வருபவை, விற்பனைக்கான உறையிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அனேக் தமிழில் ஒடுக்கத்திலிருந்து அகலம் வரை, மெல்லியதிலிருந்து தடித்தது வரை எல்லாம் கிடைக்கும். முதுகுக்கும் பெயருக்கும் அதையே கையாளலாம். பாலு தம்பி கொழுகொழுவென்றிருக்கும், குதூகலமான பாட்டுக்கு நல்லது. கவிவனார் சாய்ந்த கையெழுத்து. பாடல் வரிகளுக்கு டிரோ தமிழ் அமைதியாக நிற்கும். வீட்டுக் கணினியில் வந்த லதாவை மட்டும் தயவுசெய்து அட்டையில் போடாதீர்கள். கல்யாணப் பத்திரிகை வாடை அடிக்கும்.

ஆங்கிலத்தில் பழகிய சில பழக்கங்களை இங்கே விட்டுவிட வேண்டும். எழுத்துகளுக்கிடையே இடம் விட்டு அகலப்படுத்தினால், கொம்பு ஒருபக்கமும் எழுத்து ஒருபக்கமுமாகப் பிரியும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. ஆகவே தலைப்பை வேறுபடுத்த அளவையும் தடிமனையும் நிறத்தையும்தான் நம்ப வேண்டும். மென்பொருள் தானாகச் சாய்த்துத் தரும் போலிச் சாய்வு வேண்டவே வேண்டாம். மேலே விசிறி, கீழே சுழி என்று இரு பக்கமும் நீளும் எழுத்து நம்முடையது, எனவே வரிக்கு வரி இடைவெளி தாராளமாக விடுங்கள். 8 பாயிண்ட் எழுத்துக்கு 12 பாயிண்டாவது தேவைப்படும். தமிழும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது இரண்டுக்கும் ஒரே அளவு எண்ணைக் கொடுத்தால் ஒன்று பெரிதாகத் தெரியும். எண்ணைப் பார்க்காமல் கண்ணால் பார்த்துச் சமப்படுத்துங்கள்.

வரிப் புத்தகத்தில் ஒரு சிக்கல் வரும். 120 மி.மீ. அகலப் பக்கத்தில் இரண்டு பத்தியாகப் பிரித்தால் ஒரு பத்திக்கு ஐம்பது மில்லிமீட்டர்கூட மிஞ்சாது. "நினைத்துக்கொண்டிருந்தேனே" என்று ஒரு சொல் வந்தால் வரியில் பாதி போயிற்று. பாட்டு வரி நடுவில் உடைந்து கீழே விழுந்தால் படிப்பவருக்குத் தாளம் தப்பும். ஆல்பத்திலேயே மிக நீளமான வரியை எடுத்து முதலில் அமையுங்கள். அது உடையாமல் நிற்கும் அளவே மற்ற எல்லாப் பாட்டுக்கும் அளவு.

இனி முதுகு. ஜுவல் கேஸ் முதுகு 6.5 மி.மீ. மடிப்பு கொஞ்சம் நகரும் என்பதால் இரு பக்கமும் ஒவ்வொரு மில்லிமீட்டரை விட்டுவிடுங்கள். மிச்சம் 4.5. அதற்குள் "கு"வின் சுழியும் "கீ"யின் விசிறியும் அடங்க வேண்டும். பெரும்பாலான எழுத்துருக்களில் 10 பாயிண்டைத் தாண்டினால் ஏதாவது ஒன்று மடிப்பில் ஏறிவிடும். எழுத்தை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்க நினைக்காதீர்கள். தமிழ் தெரியாதவர் அடுக்கினால் கொம்பு ஒரு தட்டிலும் மெய் இன்னொரு தட்டிலும் போய் உட்காரும். வரியை முழுதாக வலப்பக்கம் திருப்பி, மேலிருந்து கீழாகப் படிக்கும்படி வையுங்கள். அலமாரியில் பக்கத்தில் நிற்கும் ஆங்கில ஆல்பங்களும் அப்படித்தான் நிற்கும்.

கையால் எழுதிய தலைப்பு எந்த எழுத்துருவையும்விட மேல் என்பது என் கட்சி. பழைய வாசனைக்காக 1978-க்கு முந்தைய வடிவங்களை, யானைத் துதிக்கை மாதிரியான பழைய ணை, லை, ஒட்டி எழுதும் பழைய றா முதலியவற்றை, எழுதப் பலருக்கு ஆசை. பார்க்க அழகுதான். ஆனால் இங்கே பள்ளியில் தமிழ் படித்த இளையவர்களுக்கு அவை புரியாது. குழுவின் பெயரில் வேண்டாம், அலங்காரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. படத்தின் அளவு

விநியோகத் தளங்கள் பொதுவாகக் கேட்பது 3000 × 3000 பிக்சல் சதுரம். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். சிடி அட்டைக்கு ப்ளீடோடு 126 மி.மீ., அதாவது 1500 பிக்சலுக்குள் அடங்கும். 12 அங்குல வினைலுக்கு ப்ளீடோடு 321 மி.மீ. அதற்கு ஏறத்தாழ 3800 பிக்சல் தேவை. திரைக்காகச் செய்த 3000-ஐ அங்கே நீட்டினால் 237 புள்ளிதான் நிற்கும். பின்னாளில் வினைல் கனவு இருந்தால் இன்றைக்கே 4000-இல் வரைந்துவிடுங்கள்.

சதுரத்தைத் தளத்துக்கு எடுக்கும்போது அதில் இணைய முகவரி, கியூஆர் குறி, விலை, சமூக ஊடகச் சின்னம் எதுவும் இருக்கக் கூடாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். அட்டையில் உள்ள தலைப்பும் நீங்கள் பதிவில் எழுதிய தலைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். கைபேசியில் விரல் நக அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். பெயர் படிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, உருவம் தனித்துத் தெரிய வேண்டும்.

6. நிறமும் தாளும்

திரையில் ஜொலிக்கும் பளீர் ரோஜாவும் மின்னும் நீலமும் அச்சில் மங்கிப்போகும். அச்சு நான்கு மையில் நடக்கிறது. அந்த நிறங்கள் அதற்குள் இல்லை. வேலையின் தொடக்கத்திலேயே சிஎம்ஒய்கே முன்னோட்டத்தை, அதாவது அந்த நான்கு மையில் எப்படி வரும் என்பதை, போட்டுப் பாருங்கள். பட்டுப்புடவை ரோஜா நிறம்தான் ஆல்பத்தின் உயிர் என்றால், ஐந்தாவது மையாக ஒரு ஸ்பாட் கலருக்குக் காசு ஒதுக்குங்கள்.

கறுப்புப் பரப்புக்கு வெறும் கறுப்பு மை போட்டால் சாம்பல் பூத்த மாதிரி வரும். சியான் 60, மஜெந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 விழுக்காடு என்று கலந்தால் ஆழமாக இருக்கும். மொத்தம் 240. பூச்சுத் தாளில் பல அச்சகங்கள் 300 வரை அனுமதிக்கும், உங்கள் அச்சகத்தின் வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிறிய எழுத்துக்கு மட்டும் இந்தக் கலவை கூடாது, தனிக் கறுப்பு மட்டுமே. நான்கு மையும் அணுவளவு விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிழல் விழும்.

அதைவிட மோசமானது கறுப்பில் வெள்ளை எழுத்து. 6 பாயிண்டில் நன்றிப் பட்டியலைக் கறுப்பின்மேல் வெள்ளையாக வைத்தால் மை ஊறி முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளிதான். "பாடல்" என்பது "பாடல" ஆகும், "கிட்டார்" என்பது "கிடடார" ஆகும். புள்ளி பெரிதாக உள்ள எழுத்துருவை, கொஞ்சம் தடிமனாக, 8 பாயிண்டுக்குக் குறையாமல் வையுங்கள்.

தாள் விஷயத்தில் நம் ஊர்க் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊர் இது. ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் செய்த அட்டையில் மறுபக்கம் ஈரத்தை உறிஞ்சி அட்டை வளையும். தாளின் இழை ஓடும் திசை மடிப்புக்கு இணையாக இருந்தால் மடிப்பு வெடிக்காது, வளைவும் குறையும். அச்சகத்தாரிடம் இதைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். மேட் லேமினேஷன் போட்ட கறுப்பில் விரல் ரேகையும் கீறலும் அப்படியே தெரியும். விற்பனை மேசையில் நாலு பேர் புரட்டிய பிரதியை ஐந்தாமவர் வாங்க மாட்டார். பூச்சில்லாத தாள் தொடுவதற்கு இனிமை, ஆனால் மை உள்ளிழுத்து நிறம் ஒரு படி இறங்கும். அதைத் தெரிந்து படத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி அனுப்புங்கள்.

குறைந்த பிரதிக்கு, ஸ்டென்சில் முறையில் ஓடும் ரிசோ அச்சு நல்ல வழி, சிங்கப்பூரிலும் செய்பவர்கள் உண்டு. நிறத்துக்கு ஒரு மை, ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக ஓடும், ஒன்றோடொன்று கொஞ்சம் விலகும். அந்த விலகலே அழகு. ஏ3 அளவுதான் உச்சம். மை கையில் ஒட்டும், அதனால் அடர்ந்த பரப்பு வேண்டாம்.

7. பின்னட்டையில் வருபவை

பாட்டு வரிசை, நேரம், எழுதியவர், இசை, ஒலிப்பதிவு, மிக்ஸ், படம், வடிவமைப்பு. பெயர்களை அவரவரிடமே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வாங்குங்கள். ஒருவர் பெயரை அவர் எழுதும் விதத்தில்தான் போட வேண்டும், உங்களுக்குச் சரியென்று படும் விதத்தில் அல்ல.

வட்டத்துக்குள் "பி" எழுத்துள்ள குறி ஒலிப்பதிவின் உரிமையைச் சொல்வது, வட்டத்துக்குள் "சி" உள்ளது படத்துக்கும் எழுத்துக்கும். இரண்டுக்கும் பக்கத்தில் ஆண்டும் உரிமையாளர் பெயரும் வரும்.

பார்கோடு கடையில் விற்றால் மட்டுமே தேவை. சிங்கப்பூரில் பதிவு செய்த எண்கள் 888 என்று தொடங்கும். முழு அளவு 37.29 × 25.93 மி.மீ., 80 விழுக்காடு வரை சுருக்கலாம். வெள்ளையில் கறுப்பாக வையுங்கள். சிவப்புக் கோட்டில் போட்டால் ஸ்கேனரின் சிவப்பு ஒளிக்கு அது தெரியவே தெரியாது.

கியூஆர் குறி போடுவதானால் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் வெற்றிடம் விட்டுப் போடுங்கள். அது போய்ச் சேரும் முகவரி குழுவின் சொந்தத் தளமாக இருக்கட்டும். பாட்டுத் தளங்களின் முகவரி மாறினாலும் சொந்தத் தளத்தில் திருப்பிவிட்டுக்கொள்ளலாம். அச்சடித்த குறியை மாற்ற முடியாது. தேசியக் கலைகள் மன்றத்தின் மானியம் கிடைத்திருந்தால், அவர்களுடைய சின்னத்தை எங்கே, எப்படிப் போட வேண்டும் என்பதை நிபந்தனைகளில் பார்த்துவிட்டு இடம் ஒதுக்குங்கள்.

8. உரிமை

நண்பர்தானே என்று வாய்ப்பேச்சில் விடாதீர்கள். 2021 நவம்பர் 21 முதல் நடப்பிலுள்ள சிங்கப்பூர்க் காப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படமானாலும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், அதன் முதல் உரிமையாளர் எடுத்தவர்தான். முன்பு அப்படியில்லை. படைத்தவரின் பெயரைக் குறிப்பிடும் கடமையும் அதே சட்டத்தில் வந்தது. ஒரு பக்கத் தாள் போதும்: படம் எதற்கெல்லாம் பயன்படும் (உறை, சுவரொட்டி, டீசட்டை, மறுபதிப்பு), எவ்வளவு வெள்ளி, எத்தனை முறை திருத்தம், மூலக்கோப்பு யாரிடம் இருக்கும். இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். டீசட்டை நன்றாக விற்கத் தொடங்கும்போது நட்பைக் காப்பாற்றுவது அந்தத் தாள்தான்.

பிறர் எழுதிய பாட்டைப் பாடியிருந்தால் அதன் வரிகளைப் புத்தகத்தில் அச்சிடவும் அனுமதி வேண்டும். பாரதியார் பாட்டு என்றால் கவலையில்லை. அவர் மறைந்தது 1921-இல், வரிகள் எல்லோருக்கும் பொது. ஆனால் வேறொருவர் போட்ட மெட்டு அவருடையது.

9. கோப்பும் ப்ரூஃபும்

அச்சகத்துக்கு அனுப்பும் பிடிஎஃப்பில் எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றிவிடுங்கள். அவர்கள் கணினியில் தமிழ் எழுத்துரு இருக்குமா என்ற கேள்வியே எழாது. ஆனால் மாற்றிய பிறகு எழுத்துப் பிழை திருத்த முடியாது. ஆகவே மாற்றாத கோப்பைத் தனியாக வையுங்கள், பிழை பார்த்து முடித்த பிறகே மாற்றுங்கள். பிழை பார்ப்பவர் இதுவரை அந்த வேலையைப் பார்க்காதவராக இருக்க வேண்டும். குழுவில் எல்லோருக்கும் வரிகள் மனப்பாடம், அவர்கள் கண் தப்பைத் தாண்டிப் போய்விடும். தமிழாசிரியர் ஒருவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒற்று மிகும் இடம், மிகா இடம் எல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்.

டை லைனைத் தனி லேயரில் வையுங்கள், அச்சாகிவிடக் கூடாது. அனுப்புவதற்கு முன் சன்ஷைன் பிளாசாவில் உள்ள அச்சுக் கடைகளில் ஏதாவது ஒன்றில், உண்மையான அளவில், கிட்டத்தட்ட அதே தாளில் ஒரு பிரதி எடுத்து வெட்டி மடித்துப் பாருங்கள். நிறம் ஆலையின் ஆஃப்செட் அச்சில் வருவது போலவே இருக்காது. அளவு, மடிப்பு, எழுத்தின் பருமன் மூன்றையும் பார்க்கத்தான் இது. ஆலை அனுப்பும் ப்ரூஃபில், அதாவது சோதனைப் பிரதியில், முதலில் கொம்புகளைத் தேடுங்கள், பிறகு புள்ளிகளை, அப்புறம் முதுகை.

10. பெட்டி வந்து சேரும்போது

வெளியீட்டு நாளிலிருந்து பின்னோக்கி நாள்காட்டியில் எண்ணுங்கள். சீனப் புத்தாண்டை ஒட்டி இந்த வட்டாரத்து ஆலைகள் பல மூடியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரும் சரக்குக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு. விமானத்திலோ அஞ்சலிலோ வரும் பொட்டலத்தின் மதிப்பு 400 வெள்ளியைத் தாண்டினால் அது இறக்குமதியின்போதே வசூலாகும். பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் காப்புறுதியையும் சேர்த்துத்தான் வரி போடுவார்கள். விற்பனை விலையை முடிவு செய்வதற்கு முன் இதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வந்ததும் ஒரு பெட்டியைப் பிரித்து மேலிருந்து சில, நடுவிலிருந்து சில, அடியிலிருந்து சில எடுத்துப் பாருங்கள். குறை இருந்தால் அன்றைக்கே படம் எடுத்து ஆலைக்கு எழுதுங்கள். பிரதிகளை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு, தரையில் படாமல் வையுங்கள். கையெழுத்து வாங்க வருபவர்களுக்காக மேசையில் எண்ணெய் மை பேனா இருக்கட்டும், லேமினேஷன்மேல் சாதாரணப் பேனா வழிந்துவிடும்.

இன்னொன்று. சிங்கப்பூரில் கையில் பிடிக்கும் பொருளாக வெளியிடுவது எதுவானாலும், வெளிவந்த நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதிகளைத் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைப்பது சட்டப்படி கடமை. இண்டி குழுக்கள் இதைப் பெரும்பாலும் மறந்துவிடும். விற்பனைக்கு எடுத்து வைக்கும் முன்பே இரண்டு நல்ல பிரதிகளைத் தனியாக எடுத்துவிடுங்கள். கூடவே குழுவுக்கென்று ஒரு பத்தும், மறுபதிப்புக்காக மூலக்கோப்பு, எழுத்துரு, டை லைன், தாளின் பெயர், மைக் கலவை எல்லாம் உள்ள ஒரு கோப்புறையும். வடிவமைத்தவரின் மடிக்கணினியில் மட்டும் அது இருக்கக் கூடாது, குழுவில் இருவரிடமாவது நகல் இருக்க வேண்டும்.